சர்க்கரையை அளந்த வரலாறு

நீரிழிவு நோயின் வரலாறு பெரும்பாலும் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. உயிர்காத்த மருந்து முதலிடம் பெறுவது இயல்பே. எனினும் அந்த மருந்தை யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதைத் தீர்மானித்தவை சர்க்கரையை அளக்கும் முறைகள். அவற்றின் வரலாறு மருந்தின் வரலாற்றுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. இரத்தத்தில் சர்க்கரை மெல்ல உயர்வதை மனித உடல் தானாக உணர்ந்துகொள்வதில்லை. வலியோ காய்ச்சலோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தபடி கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் இதயத்தையும் கெடுக்கும் நோய் இது என்பதால், அளவை எட்டிய இடம் வரையில்தான் ஒவ்வொரு காலத்து மருத்துவமும் இதை நோயென ஒப்புக்கொண்டது. அளவை எட்டாத இடத்தில் நிகழ்ந்த கேட்டை முதுமையின் கணக்கிலோ பரம்பரையின் கணக்கிலோ எழுதிவைத்தது.

முதன்முதலில் சிறுநீரில்தான் இந்நோய் அடையாளம் காணப்பட்டது என்பதற்கு உடலியங்கியலிலேயே காரணம் உண்டு. உணவிலிருந்து குடல் உறிஞ்சும் குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரை இரத்தத்தில் கலக்கும்போது, கணையத்தில் சிறு தீவுகளைப்போல் சிதறிக் கிடக்கும் உயிரணுத் திரள்களிலுள்ள பீட்டா அணுக்கள் இன்சுலின் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. அது தசையையும் கொழுப்புத் திசுவையும் குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்ளச் செய்வதோடு, கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை வெளியிடுவதையும் அடக்குகிறது. இன்சுலின் சுரப்பு அற்றுப்போனாலோ, சுரந்தும் அதன் கட்டளைக்குத் திசுக்கள் செவிசாய்க்காமற்போனாலோ இரத்தத்தில் குளுக்கோஸ் தேங்குகிறது. சிறுநீரகம் தான் வடிகட்டும் குளுக்கோஸ் முழுவதையும் வழக்கமாக மீட்டெடுத்துவிடும்; ஆனால் இரத்தத்தில் அதன் அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது மீட்கும் ஆற்றல் போதாமல் மிஞ்சியது சிறுநீரில் வழிகிறது, வழியும் சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. ஓயாத சிறுநீர்ப் போக்கு, அடங்காத தாகம், உண்டும் உடல் இளைத்தல் ஆகிய மூன்றும் பண்டைய மருத்துவர்களின் கண்ணில் பட்டது இந்த வழியாகத்தான்.

இந்திய மருத்துவ நூல்கள் இதைத் தெளிவாகவே கண்டிருந்தன. சரகர், சுசுருதர் ஆகியோர் பெயரால் வழங்கும் தொகுப்புகள் சிறுநீர்க் கோளாறுகளை இருபது வகையாகப் பகுத்து, அவற்றுள் தேன்போல இனிக்கும் நீர் வெளியேறும் நிலையை மதுமேகம் என்று தனியே வைத்தன. அந்நீரை எறும்புகள் நாடி வருவதும் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. இனிப்பைக் கண்டதைக் காட்டிலும் வியப்புக்குரியது, சுசுருத சங்கிதை இந்நோயாளிகளைப் பிறவியிலேயே நோய்க்கூறு உடையவர்கள் என்றும் தகாத உணவாலும் பழக்கத்தாலும் நோயுற்றவர்கள் என்றும் பிரித்து, முன்னவர் மெலிந்தும் பின்னவர் பருத்தும் இருப்பர் என்று குறித்திருப்பது. இதற்கு நெருங்கிய ஒரு பகுப்பை ஐரோப்பிய மருத்துவம் உறுதிசெய்ய இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்ச் சித்த மருத்துவத்திலோ சிறுநீரைத் தேர்வது தனிக்கலையாகவே வளர்ந்தது. தேரையர் பெயரோடு இணைந்து வழங்கும் அம்முறையில் நீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தையும் பார்ப்பது நீர்க்குறி எனப்பட்டது; காலையில் பிடித்த நீரின்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்புபோல நீள்கிறதா, மோதிரம்போல வளைகிறதா, முத்துப்போல நிற்கிறதா என்று நோக்கி வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நிலையைத் தெளிவது நெய்க்குறி எனப்பட்டது. இது சர்க்கரையை அளக்கும் முறையன்று. அவ்வாறு கொண்டாடுவது அக்கலைக்கே நீதி செய்வதாகாது. நோயாளி சொல்வதை மட்டும் நம்பியிராமல், உடல் வெளியேற்றும் பொருளை ஒழுங்கான விதிகளின்படி நோக்க வேண்டும் என்ற மருத்துவ ஒழுக்கம் இங்கு வேரூன்றியிருந்தது என்பதே அதிலிருந்து கொள்ளத்தக்க செய்தி.

ஐரோப்பாவில் கண்ணாடிக் குடுவையில் சிறுநீரை ஏந்தி ஒளியில் பார்ப்பது மருத்துவரின் அடையாளமாகவே இடைக்காலம் முழுவதும் இருந்தது. ஆயினும் அதன் இனிப்பை அழுத்தமாகப் பதிவுசெய்தவர் பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ். அந்த இனிப்பு எதனால் வருகிறது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. 1776ஆம் ஆண்டில் லிவர்பூல் நகர மருத்துவர் மேத்யூ டாப்சன் தம் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் தங்கிய வெண்மையான எச்சம் சுவையிலும் மணத்திலும் சர்க்கரையை ஒத்திருப்பதைக் காட்டினார். அதே நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரும் சற்றே இனிப்பதை அவர் கவனித்தார். சர்க்கரை சிறுநீரகத்தில் உண்டாவதன்று, இரத்தத்தில் ஏற்கெனவே இருப்பதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது என்ற முடிவுக்கு இவ்வாறு அவர் வந்தது நோயின் இருப்பிடத்தையே மாற்றிவிட்டது. சிலருக்கு இந்நோய் சில வாரங்களிலேயே உயிரைக் குடிப்பதையும் வேறு சிலர் ஆண்டுக்கணக்கில் தாங்கி நிற்பதையும்கூட அவர் எழுதிவைத்தார். வற்றவைத்த எச்சம் சுவைக்கும் பொருளாக மட்டுமன்றி எடைபோடும் பொருளாகவும் ஆயிற்று. அவ்வழியைப் பின்பற்றிய ஜான் ரோலோ, பீரங்கிப் படையைச் சேர்ந்த அதிகாரி ஒருவருக்குத் தானியத்தைக் குறைத்து இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவைக் கொடுத்துச் சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் கண்டு 1797ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். உணவுக்கும் சிறுநீர்ச் சர்க்கரைக்கும் உள்ள உறவு ஒருவரிடத்தில் நாள்தோறும் கவனிக்கப்பட்டு எழுதப்பட்ட தொடக்ககால நிகழ்வுகளில் அது ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாவின் வேலையை வேதியியல் ஏற்றுக்கொண்டது. 1815ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரோல், நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் இருப்பது திராட்சையில் உள்ள சர்க்கரையே என்று நிறுவினார். அச்சர்க்கரை காரக் கரைசலிலுள்ள செம்பு உப்பிலிருந்து ஆக்சிசனைப் பறித்து அதைச் செந்நிறப் படிவாக மாற்றும் என்ற பண்பைக்கொண்டு 1841இல் ட்ரோமரும் அப்பத்தாண்டின் இறுதியில் ஃபெலிங்கும் சோதனைகளை அமைத்தார்கள். அமெரிக்க வேதியியலார் ஸ்டான்லி பெனடிக்ட் 1908இல் வெளியிட்ட கரைசல் கெடாமல் நெடுநாள் இருந்ததாலும் செய்முறை எளிதாக இருந்ததாலும் உலகெங்கும் பரவியது. செம்பு சல்பேட், சோடியம் சிட்ரேட், சோடியம் கார்பனேட் ஆகியவை கலந்த அந்த நீலக் கரைசலில் ஐந்து மில்லிலிட்டர் எடுத்து, எட்டுத் துளி சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால், சர்க்கரை இல்லாதபோது நீலமாகவே நிற்கும். இருந்தால் அதன் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என நிறம் மாறும். தமிழ்நாட்டு மாணவர்கள் இன்றும் ஆய்வுக்கூடத்தில் செய்துபார்க்கும் இச்சோதனை, அரை நூற்றாண்டுக்கு மேலாக நீரிழிவு நோயாளிகளின் அன்றாட வாழ்வை ஆண்டது.

நோயின் ஊற்று எங்கே என்பதும் இக்காலத்திலேயே துலங்கியது. கல்லீரல் தானே சர்க்கரையை உண்டாக்கிச் சேமித்து வெளியிடுகிறது என்பதைப் பாரிசில் கிளாட் பெர்னார்ட் காட்டினார். 1889ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் நாயொன்றின் கணையத்தை முழுவதும் அகற்றியபோது அதற்குக் கடும் நீரிழிவு வந்தது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1869இல், மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் கணையத்துக்குள் விவரித்திருந்த அணுத் தீவுகளின்மீது கவனம் திரும்பியது. ஆனால் அத்தீவுகளின் சாற்றைப் பிரித்தெடுக்கும் வழி தெரியாத நிலையில், கையில் இருந்த ஒரே கருவி சிறுநீர்ச் சோதனைதான் என்பதால், மருத்துவம் ஒரு கொடிய பாதையில் சென்றது. அமெரிக்க மருத்துவர் ஃபிரடெரிக் ஆலன், சிறுநீரில் சர்க்கரை அறவே மறையும்வரை நோயாளியைப் பட்டினியிருக்கச் செய்து, பின்னர் அது மீண்டும் தோன்றாத அளவுக்கு மட்டும் உணவளிக்கும் முறையை 1910களில் நெறிப்படுத்தினார். சோதனைக் குழாயில் நீலம் நிலைக்க வேண்டும் என்பதற்காகச் சிறுவர்கள் எலும்பும் தோலுமாயினர். இன்சுலினே சுரக்காத வகை நோயில் இது மரணத்தைத் தள்ளிப்போட்டதேயன்றித் தடுக்கவில்லை. ஆயினும் ஆலனைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. வேறொன்றும் இல்லாத காலத்தில் அவ்வாறு தள்ளிப்போட்ட மாதங்களால்தான் இன்சுலின் வரும்வரை சிலர் உயிரோடு இருந்தனர்.

1921ஆம் ஆண்டுக் கோடையில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மெக்ளியோடின் ஆய்வுக்கூடத்தில், ஃபிரடெரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் கணையத் தீவுகளின் சாற்றைப் பிரித்தெடுக்கத் தொடங்கிய பணியில் பின்னர் வேதியியலார் ஜேம்ஸ் காலிப்பும் சேர்ந்தார். பதினான்கு வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு 1922 ஜனவரி 11 அன்று போடப்பட்ட முதல் ஊசியால் இரத்தச் சர்க்கரை 440 மில்லிகிராமிலிருந்து 320க்கே இறங்கியது. ஊசி போட்ட இடத்தில் புண்ணும் உண்டாயிற்று. காலிப் தூய்மைப்படுத்திய சாறு ஜனவரி 23 அன்று கொடுக்கப்பட்டபோது ஒரே நாளில் 520லிருந்து 120க்கு இறங்கியதோடு, கொழுப்பு எரிவதால் சேர்ந்து இரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன்களும் சிறுநீரிலிருந்து மறைந்தன. முதல் ஊசியைத் தோல்வி என்றும் இரண்டாவதை வெற்றி என்றும் பிரித்துச் சொல்ல முடிந்ததே, அவ்வாண்டுகளில்தான் சில மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரையைக் கணக்கிடும் முறைகள் மருத்துவமனைகளுக்கு வந்திருந்ததால்தான் என்பதை இன்சுலின் வரலாறுகள் பல போதிய அளவு வலியுறுத்துவதில்லை.

இன்சுலின் வந்தபின் நோயாளி வீட்டுக்குப் போனார். இரத்தச் சோதனையோ மருத்துவமனையிலேயே தங்கிவிட்டது. நாளுக்குப் பலமுறை ஊசி போட்டுக்கொள்பவர் தம் சமையலறை அடுப்பில் பெனடிக்ட் கரைசலைக் கொதிக்கவைத்து, நிறம் பார்த்து, மருந்தின் அளவை முடிவுசெய்தார். பாஸ்டன் நகரில் எலியட் ஜாஸ்லின் நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் இதைப் பாடமாகவே கற்பித்தார். நோயாளியே தம் நோயின் பொறுப்பாளர் என்ற கருத்து மருத்துவத்தில் வேறெந்த நோயைக் காட்டிலும் இங்கே முன்னதாக வேரூன்றியதற்கு அவருடைய பணி முதன்மையான காரணம். 1940களில் அடுப்பில்லாமல் தானே கொதிக்கும் மாத்திரையும், 1956இல் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃப்ரெட் ஃப்ரீ தம்பதியர் உருவாக்கிய, நொதி தோய்த்த காகிதப் பட்டையும் வந்தன. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் அந்நொதி வேறு சர்க்கரைகளை விட்டுவிட்டுக் குளுக்கோஸோடு மட்டுமே வினைபுரிவதால், பட்டையை நனைத்து நிறம் பார்ப்பதே போதுமானதாயிற்று. எனினும் எவ்வளவு எளிதானாலும் சிறுநீர் சிறுநீரே. அது சொல்வது சில மணி நேரத்துக்கு முந்தைய செய்தி. சிறுநீரகத்தின் வரம்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். 180க்குக் கீழே இரத்தச் சர்க்கரை 150 ஆக இருந்தாலும் 50 ஆகச் சரிந்து நோயாளி மயங்கும் நிலையில் இருந்தாலும் சிறுநீர் ஒரே நீலத்தைத்தான் காட்டும்.

அதைவிடப் பெரிய குருட்டுப்புள்ளி ஒன்று மெல்ல வெளிப்பட்டது. இன்சுலினால் பிழைத்து வளர்ந்த சிறுவர்கள் இருபது, முப்பது வயதை எட்டியபோது சிலர் பார்வையிழந்தனர், சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நீரிழிவு நோயாளியின் விழித்திரை மாற்றங்களை எட்வர்ட் யேகர் 1850களிலேயே விழிநோக்கியால் கண்டிருந்தார். சிறுநீரகத்தின் வடிகட்டும் முடிச்சுகள் தடித்துக் கெடுவதைக் கிம்மல்ஸ்டீலும் வில்சனும் 1936இல் விவரித்தனர். உடனே கொல்லும் நோய், நெடுநாள் வருத்தும் நோயாக மாறியிருந்தது. இக்கேடு உயர்ந்த சர்க்கரையால் விளைவதா, அன்றி நீரிழிவோடு உடன்பிறந்த வேறொரு குறையா என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்காலம் மருத்துவர்களைப் பிளவுபடுத்தியது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினால் கேட்டைத் தவிர்க்கலாம் என்று ஜாஸ்லின் கருதினார். நியூயார்க்கில் எட்வர்ட் டால்ஸ்டாய், நோயாளி எடை குறையாமலும் கீட்டோன் சேராமலும் நலமாக இருந்தால் சிறுநீரில் சர்க்கரை போவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, உணவில் விடுதலை கொடுக்கலாம் என்று வாதிட்டார். டால்ஸ்டாயின் நிலைப்பாடு பொறுப்பின்மையால் எழுந்ததன்று. எடைபோட்டு உண்ணும் வாழ்வு எத்தனை துயரமானது என்பதை அவர் கண்டிருந்தார். பிரசல்ஸ் நகரில் ஜான் பிரார் 1947முதல் 1973வரை 4,400 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, கட்டுப்பாடு தளர்ந்தவர்களிடத்தில் கேடுகள் மிகுவதைக் காட்டியபோதும், அது கவனிப்பேயன்றிச் சோதனையன்று என்ற மறுப்பு எழுந்தது. ஒருவருடைய சர்க்கரை சென்ற சில மாதங்களில் சராசரியாக எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்லும் அளவை எவரிடமும் இல்லாதவரை இவ்வழக்குக்குத் தீர்ப்பு கிடைக்க வழியில்லை.

இதற்கிடையில் வேறொரு அளவை நோயையே இரண்டாகப் பிளந்தது. ஊசியில் ஏற்றும் இன்சுலினுக்குச் சில நோயாளிகளின் உடல் எளிதில் இணங்குவதும் சிலருடையது இணங்காமற்போவதும் 1936இல் லண்டனில் ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த் செய்த சோதனைகளில் தெரிந்திருந்தது. ஆனால் இரத்தத்திலுள்ள இன்சுலின் மிக நுண்ணிய அளவினது என்பதால் அதை நேரடியாக அளக்க இயலவில்லை. நியூயார்க்கில் ராசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கக் குறியிட்ட இன்சுலினையும் எதிர்ப்பொருளையும் கொண்டு அதை அளக்கும் முறையை 1960ஆம் ஆண்டு விரிவாக வெளியிட்டபோது, நடுவயதில் நோயுற்ற பலருடைய இரத்தத்தில் இன்சுலின் குறைவாக இல்லாதது மட்டுமன்றி வழக்கத்தைவிட மிகுதியாகவும் இருப்பது தெரியவந்தது. சிறுவயதில் தன் உடலின் எதிர்ப்பாற்றலே பீட்டா அணுக்களை அழிப்பதால் வரும் முதல் வகையும், திசுக்கள் இன்சுலினுக்கு இணங்க மறுப்பதில் தொடங்கிப் பின்னர் பீட்டா அணுக்கள் ஈடுகொடுக்க முடியாமல் சோர்வதில் முடியும் இரண்டாம் வகையும் வெவ்வேறு நோய்கள் என்ற இன்றைய அறிவு இதன்மேல் எழுந்தது. உலகின் நீரிழிவு நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரண்டாம் வகையினர். பெர்சன் 1972இல் மறைந்துவிட்டதால், 1977ஆம் ஆண்டின் நோபல் பரிசில் இப்பணிக்குரிய பங்கை யாலோ மட்டுமே பெற்றார்.

இரத்தச் சர்க்கரையை விரல்நுனியிலிருந்து எடுத்த ஒரு துளியில் பார்க்கும் பட்டை 1960களின் நடுவில் வந்தது. அதன் நிறத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் ஒளியைக்கொண்டு எண்ணாகக் காட்டும் கருவியை ஆன்டன் கிளமென்ஸ் அமைத்தார். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அக்கருவி மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்கப்பட்டது. பன்னிரண்டு வயதுமுதல் நீரிழிவோடு வாழ்ந்த பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கி, நாள்தோறும் பலமுறை தம்மைத் தாமே அளந்து, உணவையும் ஊசியையும் அதற்கேற்ப மாற்றியமைத்தார். அவர் கண்டதை வெளியிட மருத்துவ இதழ்கள் முன்வரவில்லை. நடுவயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவராகி அவர் தம் கருத்தைத் தொடர்ந்து வலியுறுத்தினார். நோயாளியின் கையில் அளவை சேர்வதை மருத்துவத்துறை நெடுநாள் ஐயத்தோடு பார்த்தது என்பது இவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி. 1970களின் இறுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் வீட்டுச் சோதனை இயலும் என்று காட்டிய பின்னரே அது வழக்கமாயிற்று. 1987இல் எழுதுகோல் அளவிலான மின்வேதியியல் கருவி வந்தபோது அது சட்டைப்பையில் அடங்கியது.

நீண்டகாலச் சராசரியைச் சொல்லும் அளவை ஈரானிலிருந்து வந்தது. தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரஹ்பார், இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினின் மாறுபட்ட வடிவங்களைத் தேடி நோயாளிகளின் இரத்தத்தை மின்புலத்தில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 1,200 பேரின் மாதிரிகளுள் இருவருடையதில் வழக்கத்துக்கு மாறான பட்டை ஒன்று தெரிந்தது; இருவரும் நீரிழிவு நோயாளிகள். மேலும் நாற்பத்தேழு நீரிழிவு நோயாளிகளைச் சோதித்தபோது அனைவரிடமும் அதே பட்டை இருந்தது. 1968இல் அவர் இதை வெளியிட்டார். பரம்பரையாக வரும் திரிபைத் தேடியவருக்குக் கிடைத்தது, நோயே சிவப்பணுவின்மேல் எழுதிவைத்த பதிவு. குளுக்கோஸ் எந்த நொதியின் துணையும் இன்றி ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி முனையில் மெல்ல ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை மிகுந்தால் ஒட்டுவதும் மிகும். ஒட்டியது சிவப்பணு அழியும்வரை பெரிதும் நீங்காது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், இவ்வாறு சர்க்கரையேறிய ஹீமோகுளோபினின் விழுக்காடு கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. ஹீமோகுளோபின் ஏ1சி என்று பெயர்பெற்ற இது சர்க்கரைக் கட்டுப்பாட்டோடு சேர்ந்து இறங்குவதை 1976இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கோயினிக், செராமி ஆகியோரின் குழு ஐந்து நோயாளிகளிடத்தில் காட்டியது. சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பத்தியம் காத்து எண்ணைக் குறைக்கும் வழி இதன்பின் அடைபட்டது.

ஹீமோகுளோபினில் நிகழும் ஒட்டுதல் உடலின் பிற புரதங்களிலும் நிகழ்கிறது என்ற உண்மை, நோயின் பின்விளைவுகளையும் விளக்கத் தொடங்கியது. விழித்திரையின் நுண்குழாய்கள், சிறுநீரக முடிச்சுகள், புற நரம்புகள் ஆகியவற்றின் அணுக்கள் இன்சுலினின் அனுமதியை எதிர்பாராமலே குளுக்கோஸை உள்ளே விட்டுவிடுவதால், இரத்தத்தில் ஏறுவது அங்கும் ஏறுகிறது. அங்கே மிஞ்சிய குளுக்கோஸ் சார்பிட்டால் என்னும் வேறொரு பொருளாக மாறியும், புரதங்களைப் பிணைத்து விறைக்கச் செய்தும், தீங்கான ஆக்சிசன் வினைப்பொருள்களைப் பெருக்கியும் குழாய்ச் சுவர்களைத் தடிக்கவும் கசியவும் செய்கிறது. விழித்திரையில் கசிவும் அடைப்பும் புதிய நலிந்த குழாய்களும் தோன்றிப் பார்வை மங்குகிறது. சிறுநீரகம் ஆல்புமின் என்னும் புரதத்தைச் சிறிது சிறிதாக இழக்கிறது. பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போவதால் முள் தைத்ததும் செருப்புக் கடித்ததும் தெரியாமல் புண் ஆழமாகிறது. இலண்டனில் ஹாரி கீனும் அவர் குழுவினரும் 1960களில், வழக்கமான சோதனைக்கு அகப்படாத சிற்றளவு ஆல்புமினை அளக்கும் முறையைக் கண்டனர். சிறுநீரகக் கேட்டைத் திரும்பிவரக்கூடிய கட்டத்திலேயே கண்டுகொள்ள அது வழிசெய்தது.

அளவை கைக்கு வந்தபின் வழக்குக்குத் தீர்ப்பும் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 மையங்களில் 1983முதல் 1993வரை, முதல் வகை நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு குழுவுக்குக் கண்டிப்பான கட்டுப்பாடும் மற்றதற்கு அக்காலத்து வழக்கமான மருத்துவமும் கொடுக்கப்பட்டன. ஏ1சி முதற்குழுவில் 7 விழுக்காட்டை ஒட்டியும் மற்றதில் 9ஐ ஒட்டியும் நின்றது. கண்டிப்பான குழுவில் விழித்திரைக் கேடு தோன்றும் அபாயம் 76 விழுக்காடும், சிறுநீரகக் கேடு 50 விழுக்காடும், நரம்புக் கேடு 60 விழுக்காடும் குறைந்தன. கூடவே சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயங்கும் நிகழ்வுகள் ஏறத்தாழ மூன்று மடங்காயின. 1998இல் முடிவுகள் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு, புதிதாக இரண்டாம் வகை நோய் கண்ட 5,102 பேரைச் சேர்த்துத் தொடங்கியது. அதில் ஏ1சி 7.9க்குப் பதில் 7.0 ஆக இருந்தவர்களிடம் நுண்குழாய்க் கேடுகள் கால்பங்கு குறைந்தன. மாரடைப்பு குறைந்ததை மட்டும் அப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் இரத்த அழுத்தத்தை நன்கு தணித்தவர்களிடம் பக்கவாதம் 44 விழுக்காடு குறைந்தது. நீரிழிவு நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது மாரடைப்பும் பக்கவாதமுமே என்பதால், சர்க்கரை எண்ணை மட்டும் பார்த்து மன நிறைவு கொள்ளும் மருத்துவத்தின் குறையை இம்முடிவு ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படுத்தியது. பலர் இன்றும் இப்பகுதியைக் கவனிப்பதில்லை.

எந்த எண்ணிலிருந்து நோய் தொடங்குகிறது என்ற கேள்விக்கும் பின்விளைவுகளே விடை தந்தன. வெறும் வயிற்றில் 140 மில்லிகிராம் என்று 1979இல் வகுத்த எல்லையை 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 126ஆகக் குறைத்தது. பிமா பழங்குடியினர், எகிப்தியர் உள்ளிட்ட மக்களிடையே விழித்திரைக் கேடு எந்த அளவில் மிகத் தொடங்குகிறது என்று பார்த்ததன் விளைவு அது. 2010இல் ஏ1சி 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நோயின் அடையாளமென அச்சங்கம் ஏற்றது. மறு ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. ஆனால் ஏ1சி சிவப்பணுவைச் சார்ந்த அளவை. இரும்புச்சத்துக் குறைவால் சோகை உண்டானவரிடம் அது உண்மையைவிடக் கூடுதலாகவும், சிவப்பணு விரைவில் அழியும் நோயுள்ளவரிடம் குறைவாகவும் காட்டக்கூடும். பெண்களிடையே சோகை பரவலாக உள்ள இந்தியாவில் இவ்வெண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பளிப்பது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

சென்னையில் நீரிழிவுக்கெனத் தனிமருத்துவம் தோன்றியது மு. விசுவநாதனின் முயற்சியால். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1948இல் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கிய அவர், பின்னர் இராயபுரத்தில் இந்நோய்க்கென்றே மருத்துவமனை அமைத்தார். அந்நாளில் நீரிழிவு வசதி படைத்தவர்களின் நோயென்றே கருதப்பட்டது. அக்கருத்தை உடைத்தவை வீடுவீடாகச் சென்று அளந்த ஆய்வுகள். சென்னையில் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்து, உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களிடத்தில் நோய் வருவது கால்பங்குக்கு மேல் குறைவதை 2006இல் காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் துணையோடு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, 2008முதல் 2020வரை மாநிலம் மாநிலமாக நடந்த கணக்கெடுப்பில் நகரங்களிலும் சிற்றூர்களிலும் 1,13,043 பேர் பங்கேற்றனர். பெரும்பாலோருக்கு விரல்நுனி இரத்தத்தையே கையடக்கக் கருவியில் அளந்த அந்த ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவும் 13 கோடியே 60 இலட்சம் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. தமிழ்நாட்டையும் உள்ளடக்கிய அதன் முதற்கட்டத்திலேயே, நோயுற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தங்கள் நோய் அதுவரை தெரிந்திருக்கவில்லை.